ரெண்டுங்கெட்டான்

புதுக் கணினியை எல்லாருக்கும் கொடுத்த அன்று மேலாளர் மேடை மந்திரவாதி மாதிரி நின்று செய்து காட்டினார். திரையைப் பின்பக்கமாக மடக்கினார். "இப்ப இது டேப்லெட்." திருப்பி விரித்தார். "இப்ப லேப்டாப். ஆபீஸ்லயும் இதான், சைட்லயும் இதான். இனிமே பேப்பர், அட்டை, பழைய லேப்டாப் எதையும் யாரும் தூக்க வேணாம்." எல்லாரும் கை தட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. லிஃப்டுகளை ஆய்வு செய்து சான்றிதழ் தரும் அந்த நிறுவனத்தில் அவளுக்குப் பதினொரு வருட அனுபவம். இடது கைக்காரி என்பதால் இளசுகள் அவளை நொட்டாங்கை அக்கா என்பார்கள். அதற்கெல்லாம் அவள் கோபப்பட மாட்டாள். கோபம் முழுவதையும் அந்தக் கணினிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஒரே வாரத்தில் அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பேர் வைத்துவிட்டாள். மடியில் வைத்தால் மல்லாந்து விழும். கையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கழன்றுவிடும். லிஃப்டின் கூரை மேல் ஏறிக் குனிந்தால் திரையும் கூடவே குப்புறத் திரும்பும். அவள் கழுத்தை ஒடித்துப் படிக்கப் போனால் அது நேராகிவிடும். வீட்டிலும் அதுதான், அலுவலகத்திலும் அதுதான், இயந்திர அறையிலும் அதுதான். கட்டினவனைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வில்லங்கம் திரையில் எழுதும் பேனாவில் இருந்தது. ஆய்வுப் படிவத்தில் குறிப்பு எழுதும் இடத்துக்கு இடது ஓரத்தில் 'தகுதி' என்ற கட்டம். வலது கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவள் எழுதப்போனால் உள்ளங்கை நேராக அந்தக் கட்டத்தின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு முறை டிக் தானாக விழுந்து, பார்த்து அழித்திருக்கிறாள். இடது கை என்று செட்டிங்கில் மாற்றினால் போதும், அரை நிமிட வேலை. இரண்டு தடவை எழுதிக் கேட்டாள்.

"செட்டிங்க எல்லாம் மேல பூட்டி வச்சிருக்காங்க மேடம். நீங்க கொஞ்சம் கைய தூக்கிட்டு எழுதுங்களேன்" என்றான் கணினிப் பிரிவுக்காரன்.

"தூக்குறேன். எழுதி முடிச்சதும் ஒன்னையும் சேத்துத் தூக்குறேன்."

புதன்கிழமை ஐந்து மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆய்வு. முழங்கால் போனவர்களும் மூச்சு வாங்குகிறவர்களுமாக வருகிற இடம். லிஃப்டைத் தாங்கும் நான்கு இரும்புக் கயிறுகளில் இரண்டு கந்தலாகியிருந்தன. ஒரு சாண் நீளத்தில் அறுந்த கம்பிகளை எண்ணிப் பார்த்தாள், பதினெட்டு. 'கயிறு மாற்றும் வரை இயக்கக் கூடாது' என்று எழுதினாள். அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கீழே குமாஸ்தாவிடமும் வாயால் சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழன் காலை, சாப்பாட்டு மேசையில் ரெண்டுங்கெட்டானை விரித்து நேற்றைய வேலையைத் திறந்தவள் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டாள். பச்சை நிறத்தில் 'தகுதி'. சான்றிதழ் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் எழுதிய குறிப்பு மூன்றாம் பக்கத்தில் படமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"காலங்காத்தாலயே அதோட சண்டையா?" என்றான் கணவன்.

"அறுந்த கயித்துல ஆளுங்க போயிட்டிருக்காங்க. என் கையெழுத்துல!"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். குமாஸ்தா குழைந்தான். "நீங்க போன பத்து நிமிஷத்துல சர்டிபிகேட் வந்துடுச்சே மேடம். சரியாயிடுச்சுன்னு ஓட விட்டுட்டோம். நிறுத்தணும்னா எழுத்துல அனுப்பிடுங்க, நாங்களும் பதில் சொல்லணும்ல?"

மேலாளர் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திங்கக்கெழம மேலிடத்துல இருந்து வர்றாங்கம்மா. புது முறையில ஒரு தப்புகூட இல்லன்னு அறிக்கையே குடுத்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு மறு ஆய்வுன்னு போட்டுக்கலாம். கயிறு ஒரு மாசத்துல அறுந்துடாது."

"அதக் கயிறு ஒங்ககிட்ட சொல்லுச்சா?"

"கைய வச்சது நீங்க. மெஷின் மேல பழி போடாதீங்க."

"முப்பத்தாறு வருசமா இந்தக் கைதான் சார். நேத்து மொளைக்கல."

அதற்கு மேல் அங்கே நின்றால் மேசைமேல் இருப்பதை எடுத்து அடித்துவிடுவோம் என்று அவளுக்கே பயம் வந்தது. பையை மாட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். லிஃப்டைத் தரைத்தளத்துக்கு வரவழைத்து, உள்ளே இருந்தவர்களை இறக்கினாள். ஐந்து மாடியும் படியேறினாள். இயந்திர அறையில் மெயினை அணைத்து, வேலை நேரத்தில் யாரும் மின்சாரம் கொடுத்துவிடாமலிருக்க ஆய்வாளர்கள் வைத்திருக்கும் சிவப்புப் பூட்டைப் போட்டாள். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்தாள். குமாஸ்தா கத்தினான், மேலாளருக்குப் போன் போட்டான். அவள் அசையவில்லை.

முக்கால் மணி நேரத்தில் மேலாளர் வந்தார், படியேறி, நாக்குத் தள்ள.

"சான்றிதழ் இருக்கற லிஃப்ட எந்த அதிகாரத்துல பூட்டுன?" மரியாதை பாதிப் படியிலேயே உதிர்ந்திருந்தது.

"சான்றிதழ்ல யார் கையெழுத்து?"

"ஒன்னோடது."

"அந்த அதிகாரத்துலதான்." சாவியை நீட்டினாள். "தெறந்துக்குங்க சார். நீங்களே ஒரு தடவ ஏறி எறங்கிக் காட்டுங்க. ஓட விட்டுடறேன்."

அவர் சாவியை வாங்கவில்லை. கதவிடுக்கு வழியாகக் கயிற்றைப் பார்த்தார். பார்க்கத் தெரியாதவர் இல்லை. அந்தக் காலத்தில் அவரும் கூரை மேல் ஏறினவர்தான். பிறகு தன் கணினியை மடக்கி எதையோ தட்டி அவளிடம் நீட்டினார்.

சான்றிதழை ரத்து செய்யும் படிவம். காரணம் என்ற இடத்தில்: 'ஆய்வாளரின் கவனக்குறைவு.'

"இதுல கையெழுத்துப் போடு, இந்த நிமிஷமே ரத்து. மெஷின்தான் காரணம்னு எழுதணும்னா மேலிடத்துக்குப் போவணும். ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் பூட்டு போட ஒனக்கு உரிமை கெடையாது. நானே ஆள் வச்சு ஒடைக்க வேண்டியிருக்கும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினொரு வருடத்தில் அவள் பேரில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அந்தக் கணினியைத் தூக்கிக் கீழே எறிந்தால் ஐந்து மாடி, சுக்குநூறாகும், மனது குளிரும். படிக்கட்டில் யாரோ கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒரு படி. நின்று மூச்சு. இன்னொரு படி.

பேனாவைப் பிடுங்கினாள். இடது கையால், கண்ணாடி நெரிய அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: தகுதி ரத்து. இரண்டு முறை படித்த பிறகுதான் கணினியை அவர் நெஞ்சில் திணித்தாள்.

"ஒரு வழியா முடிஞ்சுதா? பூட்ட எடு" என்றார் மேலாளர்.

"புதுக் கயிறு வந்து மாட்டி, அத நான் எண்ணிப் பாத்ததும் எடுக்கறேன். நீங்க எறங்குங்க சார். படி அந்தப் பக்கம்."