மூத்தவர் முன்னிலையில்

அவள் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் அலுவலகத்தில் கத்தரி என்று பெயரெடுத்தவர் உள்ளே வந்தார். கதவைத் தட்டவில்லை. பாதி வீடு தன் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்கிற நடை. பின்னால், சொற்கள் எழுதிய சீட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு குமாஸ்தா.

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"பார்த்தா தெரியல?"

"தெரியுது, தெரியுது. அதான் சீக்கிரமா வந்தேன்."

ஆங்கில அகராதி அலுவலகத்தில் சொற்களை வெட்டுவது கத்தரியின் வேலை. விட்டால் அகராதியைத் தீப்பெட்டிக்குள் அடக்கிவிடுவார். அங்கே மூத்த ஆசிரியரான அப்பா அதற்கு நேர் எதிர். நூற்றாண்டுகளாக எவனும் உச்சரிக்காத சொல்லுக்கும் மடியில் இடம் கொடுப்பார். மனிதர்களுக்கு மட்டும் கிடையாது. ஒருமுறை டாக்டரை 'நைஸ்' என்றார். டாக்டர் பூரித்துப்போய் நாடியை இரண்டாம் தடவை பிடித்துப் பார்த்தார். அறுநூறு வருடத்துக்கு முன்னால் அந்தச் சொல்லுக்கு மடையன் என்று பொருள். சலவைக் கடையில் நாள் முழுக்கக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வரும் மகளுக்கு அந்த 'நைஸ்' கூடக் கிடைத்ததில்லை.

போன வாரம் அப்பாவுக்கு வாய் கோணி, பேச்சு நின்றது. மூடாமல் மிஞ்சியது ஒரு கண்.

ஒரு சொல்லை நீக்குமுன் மூத்த ஆசிரியர் முன்னிலையில் அதை உரக்கப் படிக்க வேண்டும். அறையில் யாராவது அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் பேசிவிட்டால் அது அடுத்த பதிப்புவரை பிழைத்தது. பேச ஆளில்லை என்றால் செத்தது. படித்து முடிக்குமுன் மூத்தவர் உயிர் போய்விட்டால், மிச்சச் சீட்டெல்லாம் கத்தரி இஷ்டம். அலுவலகத்தின் இந்த விதியை எழுதியதே அப்பாதான். தான் வாயடைத்துப் படுப்போம் என்று அந்த மகா மேதைக்குத் தோன்றவில்லை.

கத்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓவர்மாரோ. நாளை மறுநாள். பழைய வழக்கு." கொஞ்சம் காத்திருப்பதுபோல் பாவனை. "யாரும் இல்ல. செத்தது."

சிவப்புப் பென்சில் கீச்சிட்டது. செத்த சொல்லுக்கு மல்லுக்கு நிற்கும் இரண்டு கிழங்கள், ஒன்று படுத்துக்கொண்டு, ஒன்று உட்கார்ந்துகொண்டு. அவளுக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. அப்பாவின் கண் மெல்ல நகர்ந்து அவள்மேல் வந்து நின்றது. அந்தக் கண் அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

"பிக்தாங்க்," என்று கத்தரி மென்று விழுங்கினார். "கோள் சொல்லி நல்ல பேர் வாங்கறவன். யாரும்..."

"எங்கப்பா நாற்காலிக்கு அடிபோடற பிக்தாங்க், இப்ப என் நாற்காலியில குந்திக்கிட்டிருக்கான்."

குமாஸ்தாவுக்குப் புரையேறியது.

"என்ன பாப்பா இது?"

"எனக்கு அம்பத்திரண்டு ஆகுது சார். பாப்பாவா? வாக்கியம் முழுசா இருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க."

"எழுவாய், பயனிலை எல்லாம் இருக்கு சார்," என்றார் குமாஸ்தா, மோட்டுவளையைப் பார்த்தபடி.

கத்தரி அடுத்த சீட்டைப் பிடுங்கினார். "ஸ்மெல்ஃபீஸ்ட். பந்தி வாசனை புடிச்சு அழைக்காம வர்றவன்."

"சாவு வீட்டு வாசனைக்கே வர்ற ஸ்மெல்ஃபீஸ்ட இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"ஃபாப்டூடில். சல்லிக்காசு பெறாத அற்பன்."

"வாசல்ல செருப்பு தேயற சத்தம் கேட்டதுமே எந்த ஃபாப்டூடில்னு தெரிஞ்சுபோச்சு."

இத்தனை வருடம் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அப்பா அவளையும் அவள் புருஷனையும் அண்டை அயலையும் வைததெல்லாம் இந்தச் சொற்களால்தான். ஒன்று விடாமல் மனப்பாடம். கை சூடாக, வாய் சூடாக, இஸ்திரிப் பெட்டியைத் தேய்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். கத்தரியின் காது மடல் சிவந்தது. பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது. அவர் உடம்பே கால்வாசி சுருங்கிவிட்டது என்று சத்தியம் செய்யலாம்.

"மம்ப்ஸிமஸ். தப்புன்னு தெரிஞ்சும் விடாப்பிடியா..."

"ரெண்டு பேருமே மம்ப்ஸிமஸ். ஒண்ணு இங்க கெடக்கு, ஒண்ணு அங்க ஒக்காந்திருக்கு."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். இதற்கு அவர் முறைத்திருக்க வேண்டும். கண் திறந்துதான் இருந்தது. அவள்மேல்தான் இருந்தது. மார்பில் போர்வை மட்டும் அசையவில்லை.

கத்தரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவருக்கு அசதியா இருக்கும். இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?" பெட்டியில் பாதிச் சீட்டு மிச்சம் இருந்தது.

அவள் கட்டில் விளிம்பில் கத்தரியின் பார்வையை மறைத்து உட்கார்ந்தாள்.

"தூங்கல சார். நல்லா கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. படிங்க."

குமாஸ்தா கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் கைவிட்டு அடுத்த சீட்டை எடுத்துக் கத்தரியின் கையில் திணித்தார்.

"ஸ்லக்அபெட். விடிஞ்சும் எந்திரிக்காம படுத்துக் கெடக்கறவன்."

கத்தரி பென்சிலைத் தூக்கினார்.

"எங்கப்பா," என்றாள். கையைப் போர்வைக்குள் விட்டாள். "எங்கப்பா ஒரு நாள்கூட ஸ்லக்அபெட்டா இருந்ததில்ல. எழுதிக்குங்க."

குமாஸ்தா எழுதினார்.

"அடுத்தது."

கத்தரி படித்தார். போர்வைக்கு அடியில், அப்பாவின் மார்பின் மேல், அவள் கை, மூச்சு விடுவதுபோல், மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.