ஓமா தக்காளி

மார்ச் பிறந்துவிட்டால் டெல்ஃபியாவின் சமையலறை மேசையில் ஒரு தட்டு வைக்க இடமிருக்காது. தயிர்க் குவளை, அடியில் ஓட்டை போட்ட பால் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை என்று கிடைத்ததிலெல்லாம் மண்ணை நிரப்பி, தக்காளி விதை போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி வைத்திருப்பாள். முளை வரும்வரை எல்லாம் ஃபிரிட்ஜின் தலைமேல் இருக்கும். அங்கேதான் சூடு. முளை வந்ததும் ஜன்னலுக்கு மாறும். வெளியே கென்டக்கி மலைகளின் நிழல் விழும் இடங்களில் அப்போதும் பனி கிடக்கும்.

அந்தத் தக்காளிக்கு ஓமா தக்காளி என்று பெயர். அவள் கணவன் ஹோபர்ட்டின் அத்தை ஓமா கல்யாணமாகி மலை தாண்டி வந்தபோது கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதை. மஞ்சள் பழம். அறுத்தால் நடுவில் சிவப்பு வரி ஓடும். ஒரு துண்டு போதும், ரொட்டியை விட்டு வெளியே வழியும். தோல் அத்தனை மெல்லியது என்பதால் லாரியில் ஏற்ற முடியாது. எந்தக் கடையும் வாங்காது. அந்த ஒரு பள்ளத்தாக்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. ஹோபர்ட் இருந்தவரை விதை எடுப்பது அவன் வேலை. இருப்பதிலேயே நல்ல பழத்தைச் சாப்பிட விடமாட்டான். பிழிந்து ஜாடியில் போட்டு, புளித்து மேலே வெள்ளையாக ஆடை கட்டும்வரை தாழ்வாரத்தில் வைத்திருப்பான். வீடே நாறும். பிறகு அலசிக் காகிதத்தில் பரப்பிக் காயவைப்பான். சுரங்கத்துக் கரித்தூள் அவன் நுரையீரலை அடைத்து ஆளைக் கொண்டுபோன பிறகு அந்த வேலை டெல்ஃபியாவுக்கு வந்தது.

அந்த வருடத்துக்கு முந்தைய இரண்டு கோடையிலும் ஓயாத மழை. கருகல் நோய் வந்து பள்ளத்தாக்கு முழுக்க ஒரே வாரத்தில் செடிகள் கறுத்து விழுந்தன. யாருக்கும் விதை மிஞ்சவில்லை. டெல்ஃபியாவின் பாட்டிலில் மட்டும் அதற்கு முந்தைய விதை கொஞ்சம் இருந்தது. பழைய விதை எது முளைக்கும், எது முளைக்காது என்று யார் சொல்ல முடியும்? அந்த மார்ச்சில் பாட்டிலைக் கவிழ்த்து அத்தனையையும் போட்டாள். பாதிக்கு மேல் மண்ணோடு மண்ணாகப் போயின. வந்ததைப் பிள்ளை மாதிரி பார்த்தாள். பகலில் வெளியே தூக்கி வைத்து, பொழுது சாய உள்ளே தூக்கி, காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கினாள். மே மாதம் பனி நின்றதும், ஹோபர்ட்டின் அண்ணன் மகன் டாரெல் தன் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு வண்டி மக்கிய சாணம் கொண்டுவந்து கொட்டினான். அதைத் தோட்டத்து மண்ணில் கொத்திப் புரட்டி, செடிகளைக் கழுத்துவரை புதைத்து நட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் லான்சோ பெக்லியின் வீடு. லான்சோவும் ஹோபர்ட்டும் அரைக்கால்சட்டை போட்ட காலத்திலிருந்து கூட்டாளிகள். ஒரே சுரங்கத்தில் இறங்கினவர்கள். லான்சோ கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சர்க்கரை வந்து இரண்டு கிட்னியும் போய், ஒரு கண்ணும் மங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டவுனுக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்ட முடியாது. நாலு வருடமாக டெல்ஃபியாதான் விடியற்காலை அவன் வாசலில் வந்து ஹாரன் அடிப்பாள்.

"இப்பிடி வளைவுல அடிச்சு ஓட்டுனா என் கிட்னி வழியிலேயே கழண்டு விழுந்துரும் டெல்ஃபி" என்பான்.

"விழுறதுக்கு ஒண்ணாவது மிச்சம் இருந்தாத்தானே. வாய மூடிட்டு உக்காரு."

அவன் தக்காளி சாப்பிடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆனாலும் ஆகஸ்டில் ஒரே ஒரு துண்டு, வெள்ளை ரொட்டிக்கு நடுவில் மயோனைஸ் தடவி, அவள் கண்ணெதிரே சாப்பிடுவான். அவள் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவுவாள்.

இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே தகராறு வேலியோரத்துக் களை. லான்சோ அதற்குக் களைக்கொல்லி அடிப்பான். அடிக்காதே என்று அவள் வருடா வருடம் சொல்லுவாள்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, தண்ணீர் விடப் போன டெல்ஃபியா வாளியைக் கீழே வைத்தாள். செடிகளின் கொழுந்து சுருண்டிருந்தது. நோய் வந்த சுருட்டல் அல்ல. முறுக்கிப் பிழிந்த மாதிரி, இலைகளெல்லாம் கயிறு கயிறாக இறுகி, தண்டு கோணி நின்றது. ஒன்று இரண்டல்ல, மொத்தமும் அப்படித்தான். களைக்கொல்லி பட்ட செடியை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். வேலிக்குப் போய்க் கத்தினாள்.

"லான்சோ! வேலியோரம் மருந்து அடிச்சியா?"

அவன் மெல்ல வந்தான். "ஏப்ரல்ல அடிச்சேன். உன் செடி அப்ப உன் ஜன்னல்ல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்துச்சு."

"இப்ப அடிச்சியான்னு கேக்குறேன்."

"அந்த டின்ன முதுகுல தூக்குற தெம்பு இருந்தா உன் வண்டியில எதுக்கு வர்றேன்? டவுனுக்கு நடந்தே போயிருவேன்."

"சிரிக்காத. பாரு இத."

நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் வேலிமேல் குனிந்தான். சிரிப்பு போய்விட்டது. "அடக் கடவுளே. எல்லாமேவா? இது நான் பண்ணதில்ல டெல்ஃபி."

"பின்ன ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும்? ஹோபர்ட்டோட தக்காளிக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?"

"அவர் பேர நீ எடுக்காத."

"அவன் பேர எடுக்க உன்கிட்ட கேக்கணுமா? உனக்கு முன்னாடி அவன எனக்குத் தெரியும்."

அது எங்கேயோ போய்த் தைத்தது. முகம் சிவந்துபோய் அவள் சொன்னாள்: "இனிமே டவுனுக்கு வேற வண்டி பாத்துக்க."

"சரி. பாத்துக்கிறேன்" என்று திரும்பி நடந்தான்.

தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி ஹாரன் அடிக்கலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. மருந்தடிக்கும் டின்னோடு அவனைத் தன் கண்ணால் பார்த்ததாகவே கடைசியில் சொல்லிவிட்டாள். அந்தத் தக்காளியைத் தின்று வளர்ந்தவர்கள் எல்லோரும். லான்சோ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

முதல் வாரம் அரசாங்க வேன் அவனை ஏற்றிப்போனது. அதற்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவைக்க வேண்டும். சொன்னாலும் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. அப்புறம் சர்ச்சுக்காரர் ஒருவர் இரண்டு தடவை கூட்டிப்போனார். அப்புறம் அவன் வாசலில் எந்த வண்டியும் நிற்கவில்லை. தான் அதையெல்லாம் கவனிக்கவில்லை என்று டெல்ஃபியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஜன்னல் பக்கமே நின்று பாத்திரம் கழுவினாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டாரெல் வந்தான், கூரை ஓரத்துத் தகரம் தொங்குவதைச் சரிபண்ண. ஏணியை எடுக்கத் தோட்டத்துப் பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"சித்தி, இங்கயும் இப்பிடித்தானா? எங்க வீட்டு பீன்ஸும் தக்காளியும் இதே மாதிரி முறுக்கிக்கிச்சு."

"உங்க வீட்லயா? அங்க யாரு மருந்து அடிச்சா?"

"யாரும் அடிக்கல. சாணம்தான். போன குளிருக்கு மாட்டுக்குப் புல்லு பத்தலன்னு வெளியில கட்டு வாங்குனேன்ல? அந்த ஆளு புல்வெளியில முள்ளுச்செடிக்கு ஏதோ மருந்து அடிச்சிருக்கான். மாடு தின்னு சாணியாப் போட்டு, அது மக்குனப்புறமும் மருந்து போகாதாம். விவசாய ஆபீஸ்ல கேட்டேன், அதான் சொன்னாங்க. மண்ணு சரியாக ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம். எனக்குத் தெரியாது சித்தி. தெரிஞ்சா கொண்டுவந்திருப்பேனா?"

டாரெல் தகரத்தை அடித்து முடித்து, அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகும் அவள் மேசையடி நாற்காலியில் அப்படியே இருந்தாள்.

சாயங்காலம் வேலிவரை போனாள். லான்சோ வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எதற்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டி என்ன சொல்வது? நான் போட்ட சாணத்தால் வந்தது, உன்னை ஊர் முன்னால் சந்தி சிரிக்க வைத்தது நான், உன்னைப் பார்த்தேன் என்று சொன்னது பொய்... வெறுங்கையோடு போகக் கூடாது, மக்காச்சோள ரொட்டி சுட்டு எடுத்துப் போகலாம் என்று திரும்பினாள். வெள்ளிக்கிழமை சுட்டாள். அடி பிடித்துவிட்டது, இதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டாள். அவ்வளவாகப் பிடித்திருக்கவில்லை. அதை அவளே தின்றாள்.

கடைசியில் வழி ஒன்று கண்டுபிடித்தாள். சனிக்கிழமை அவனுக்கு டயாலிசிஸ் நாள். பேசவே வேண்டாம். எப்போதும்போல வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கலாம். அவன் திட்டிக்கொண்டே ஏறுவான். முதல் வளைவில் கிட்னியைப் பற்றி ஏதாவது சொல்லுவான். அங்கேயே சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் ஹாரன் அடித்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தாள். அவனுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள். திறந்துதான் இருந்தது.

லான்சோ சமையலறை நாற்காலியில் இருந்தான். சட்டை மாற்றி, தலை சீவியிருந்தான். கால்கள் வீங்கி பூட்ஸுக்குள் நுழையாததால் கயிற்றை முழுக்க உருவி எடுத்து, அப்படியும் முடியாமல், ஒரு காலை மட்டும் பாதி நுழைத்திருந்தான். கையைத் தொட்டாள். சில்லிட்டு வெகு நேரமாகியிருந்தது. மேசைமேல் போன் கிடந்தது. யாரைக் கூப்பிட நினைத்தான், கூப்பிட்டானா என்பதை அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு ஒஹையோவிலிருந்து அவன் தங்கை மகள் ராமோனா வந்தாள். ஊர் திரண்டு வந்தது. பிடிவாதக்காரன், யாரிடமும் உதவி கேட்கமாட்டான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு ராமோனா, மாமாவின் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்தபடி டெல்ஃபியாவிடம் சொன்னாள்:

"போன்ல எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவார். நாலு வருஷம் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. எங்க வீட்ல ஒருத்தரும் பண்ணல. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். வாசல்வரை போன டெல்ஃபியா திரும்பி வந்தாள்.

"நான் நிறுத்திட்டேன்மா."

"என்ன நிறுத்துனீங்க?"

"கூட்டிட்டுப் போறத. ஜூன்லயே. என் செடிக்கு மருந்து அடிச்சுட்டான்னு நெனச்சேன். அவன் அடிக்கல. அடிக்கலன்னு வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். வந்து சொல்லல."

ராமோனாவின் கையில் சட்டை அப்படியே நின்றது. "என்ன செடி?"

"தக்காளி."

அவள் கத்துவாள் என்று டெல்ஃபியா எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலாம் போலிருந்தது. ராமோனா சட்டையை மறுபடி மடித்தாள். காலர் சரியாக இல்லை என்று பிரித்து இன்னொரு தடவை மடித்தாள். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

ஆகஸ்டில் டெல்ஃபியா செடிகளைப் பிடுங்கினாள். ஒன்றிரண்டு பூத்திருந்தன; ஒரு பூகூடக் காயாகவில்லை. தண்டிலும் மருந்து இருக்கும், உரக்குழியில் போடக் கூடாது என்று டாரெல் சொல்லியிருந்தான். குப்பைப் பைகளில் திணித்துக் கட்டினாள்.

பிப்ரவரியில் வழக்கம்போல ஒவ்வொருவராக விதை கேட்டு வந்தார்கள். இல்லை, அந்த விதை போய்விட்டது என்றாள். லான்சோ பண்ணின வேலை, பாவி, ஆனால் செத்தவனைச் சொல்லக் கூடாது என்று அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். டெல்ஃபியா அவர்களை உட்காரவைத்தாள். சாணம் யாருடையது, சர்ச்சில் சொன்ன பொய் எது, டாரெல் எந்தக் கிழமை வந்தான், ரொட்டியை யார் தின்றது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சிலர் எழுந்து போனார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "இதையெல்லாம் வெளிய சொல்லணுமா டெல்ஃபி? போனவன் திரும்பியா வரப்போறான்?" என்றாள்.

"வரமாட்டான். உக்காரு, இன்னும் முடியல" என்றாள் டெல்ஃபியா.

மார்ச் பாதிக்குள் எல்லோரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். மேசை காலியாக இருந்தது. அதன் ஓரத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.