நடுவில் இருந்த பெயர்

"இன்னொரு தடவ சாரி சொன்னன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்லா" என்றாள் மோனிக்கா. மருத்துவக் கல்லூரி கேன்டீனில் ஜெகதீஸ்வரிக்கு எதிரே, ஒத்திகைக்காகத் துறைத்தலைவி ரோஹானாவாக நடித்து, அவரைப் போலவே முதுகை நிமிர்த்தி முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹுஸ்னா மீ கோரேங் நூடுல்ஸை ஆறவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூவரும் ஒரே தரத்து விரிவுரையாளர்கள். ஒருவரை ஒருவர் கைதூக்கிவிடுவது என்று புதன்கிழமை மதியங்களில் கூடுகிறார்கள். மேலே இருப்பவர்களிடம் கேட்கக் கூசுவதையெல்லாம் இங்கே கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

ஜெகதீஸ்வரி குழந்தை மருத்துவர். டெங்கி வந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளை அவளேதான் செய்தாள், அவளேதான் எழுதினாள். ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் ரோஹானாவின் பெயரை முதலில் போட்டுவிட்டுத் தன் பெயரை நடுவில் எங்கேயோ செருகிக்கொண்டாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரை மேலே போடுவதில்லையா, அந்த நினைப்புதான். போன வருடம் இணைப்பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில், இதிலெல்லாம் உங்கள் வேலை எது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் வீட்டுக்கு ஃபெரியில் அழுதுகொண்டே போனாள். மரியாதை கொடுத்தது ஒரு குற்றமா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இப்போது புதுக் கட்டுரை தயார். இதிலும் நடுவில் நின்றால் இந்த வருடமும் பதவி கைநழுவிவிடும்.

"முதல் பேரு எனக்கு வேணும்னு கேளு, அவ்வளவுதான். மன்னிப்பு எதுக்கு? நீ என்ன திருடவா போற?" என்றாள் மோனிக்கா.

மறுநாள் ஜெகதீஸ்வரி ரோஹானாவின் அறைக்குப் போனாள். நேராகக் கேட்டுவிட்டாள், ஒரு சாரிகூட இல்லாமல். ரோஹானா கண்ணாடியைக் கழற்றினார். முதல் பெயர் என்றால் முதல் அடியும் உனக்குத்தான், தாங்குவாயா என்றார். கட்டுரையைப் புரட்டி, எதிரி போலக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ஜெகதீஸ்வரி தாளைப் பார்க்காமலே பதில் சொன்னாள். அவள் தூக்கி வைத்துக்கொண்ட குழந்தைகள், அவள் போட்ட கணக்கு. வேறு யாருக்குத் தெரியும்? ரோஹானா கடைசியில் பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே அடித்தார். என்னைக் கடைசியில் போடு, வழிகாட்டுபவருக்கு அதுதான் இடம், இதை நீ எப்போதோ கேட்டிருக்கலாம் என்றார்.

வெளியே, வராந்தாவின் மறுகோடியில், தங்கள் பிரிவில் இருக்க வேண்டிய மோனிக்காவும் ஹுஸ்னாவும் தாய்ப்பால் பற்றிய சுவரொட்டியைப் பரீட்சைக்குப் படிப்பவர்கள்போல உற்றுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக நடந்து போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் ஜெகதீஸ்வரி நினைத்தாள். தாதிகள் ஒதுங்கி வழிவிட, வெள்ளைக் கோட்டு பறக்க, அந்த நீளமான வராந்தாவில் அவர்களை நோக்கி அவள் ஓடினாள்.