பாலத்தடியில் ஒதுங்கிய பெட்டி

மல்பெரி ஓடைச் சபையில் சாவு விழுந்தால் குழி வெட்ட வெளியாட்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. சபை ஆண்களே மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு கல்லறை மேட்டுக்கு ஏறுவார்கள். நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்து அப்படித்தான். பாறை சரிந்து செத்தவன், குடித்துச் செத்தவன், சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் என்று யாருக்கும் அவர்கள் மண் மறுத்ததில்லை. அதை ஊழியம் என்றே சொன்னார்கள். பாட்டு சுமார், பிரசங்கமும் சுமார்தான். ஆனால் குழி மட்டும் நேராக, ஆறடிக்கு ஒரு விரல்கூடக் குறையாமல் இருக்கும்.

முப்பது வருஷமாக அந்த வேலைக்கு முன்னால் நின்றவர் டெல்பர்ட் ராட்லிஃப். அறுபத்தெட்டு வயது. இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். அங்கே மூச்சோடு உள்ளே போன கரித்தூள் இன்னும் அவர் நெஞ்சில்தான் இருந்தது. படியேறினால் இரைக்கும்.

சுரங்கம் மூடியதும் பள்ளத்தாக்கில் வேலை இல்லாமல் போயிற்று. வேலை போன வீடுகளில் போதை மாத்திரை நுழைந்தது. மாத்திரை கிடைக்காதபோது ஊசி நுழைந்தது. ஒரே வருஷத்தில் நான்கு பிள்ளைகளுக்குக் குழி வெட்டினார்கள். நான்காவது அடக்கம் முடிந்த மறுநாள் டெல்பர்ட் மேட்டுக்குப் போனபோது, அவருடைய அம்மாவின் கல்லறைக் கல்மேல் ஊசி ஒன்று கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அங்கேயே குத்திக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"ஊசி போட்டுச் சாகுறவனுக்கு இனிமே அந்த மேட்டுல இடம் கிடையாது. நான் வெட்ட மாட்டேன்."

அவர் வெட்டாவிட்டால் வேறு யாரும் வெட்டப் போவதில்லை. பாஸ்டர் வெண்டல் கூட்ஸ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைக்கிற மனுஷர். சண்டை என்றால் ஒதுங்கிவிடுவார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். எண்பது வயது ஐலீன் கோம்ப்ஸ் மட்டும் தூக்கவில்லை. காது மந்தம், விஷயம் விழுந்திருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆகஸ்டு மாதம், ட்வைலா மல்லின்ஸ் டெல்பர்ட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சபையில் முன்னால் நின்று பாடியவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வருவது நின்றுபோயிற்று. அவளுடைய ஒரே மகன் ஜேரன் முந்தின நாள் பெட்ரோல் பங்க் கழிப்பறை ஒன்றில் ஊசியோடு செத்துக் கிடந்தான். இருபத்து நான்கு வயது.

"பிரதர் டெல்பர்ட், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

"எங்கப்பா கல்லறைக்குப் பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. அங்க வச்சிடலாம்னு..."

"ட்வைலா, சபையில ஒரு தீர்மானம் இருக்கு."

"தெரியும். ஆனா ஜேரன் வேத்து ஆளா? பன்னெண்டு வயசுல எங்கப்பா அவனக் கூட்டிட்டு வந்து ஞானஸ்நானம் எடுக்க வச்சப்போ, ஓடைக்குள்ள அவன் தோளப் பிடிச்சிட்டு நின்னது நீங்கதானே?"

"ஒருத்தனுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்."

"விட்டா என்ன?"

 டெல்பர்ட் வாய்க்குப் பழகிப்போன ஒன்றைச் சொன்னார்.

"ஆண்டவர் உனக்கு ஆறுதல் கொடுப்பாரு."

"நான் மண்ணத்தானே கேட்டேன்," என்றாள் ட்வைலா. "உங்ககிட்ட ஆறுதல யாரு கேட்டா?"

அவள் படியிறங்கிப் போனதை டெல்பர்ட்டின் மனைவி ஓலீன் அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அன்றைக்குப் பீன்ஸையும் சோளரொட்டியையும் புருஷன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்காராமல் வெளியே போய்விட்டாள்.

ட்வைலாவின் அண்ணன் சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிச் சவப்பெட்டி செய்தான். அவள் குடியிருந்த, சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டுக்குப் பின்னால், ஓடையை ஒட்டி, அண்ணனும் தங்கையும் குழி வெட்டினார்கள். மூன்றரை அடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது. அதற்குமேல் போக முடியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க அது தெரிந்துபோயிற்று. சாமான் கடையில் டெல்பர்ட்டைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "அவ இடம், அவ இஷ்டம்," என்று அவர் யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தார்.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் மழை. ஓடை பெருகிச் சாலைக்கு வந்தது. நான்காம் நாள் விடிந்ததும் தண்ணீர் கொஞ்சம் வடிய, டெல்பர்ட்டும் பாஸ்டரும் சபைக் கட்டடம் என்னவாயிற்று என்று பார்க்கப் போனார்கள். உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சேறு. வாசலுக்கு எதிரே ஓடையைக் கடக்கிற நடைபாலத்தில் மரக்கிளை, டயர், யார் வீட்டு நாற்காலியோ எல்லாம் வந்து அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நீலத் தார்ப்பாய் சுற்றிய நீளமான பெட்டி ஒன்று சாய்ந்து நின்றது.

தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் தெரிந்த பலகையில் பித்தளைக் குமிழ் இரண்டு. அலமாரிக் கதவின் குமிழ்.

"என்னது அது, பிரதர்?" என்றார் பாஸ்டர்.

டெல்பர்ட் தண்ணீருக்குள் இறங்கினார்.

இடுப்பளவு தண்ணீர். குளிர் எலும்புக்குள் போயிற்று. பாஸ்டர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்து, பெட்டியைக் கரைக்கு இழுக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. பெட்டி சாயும்போது உள்ளே ஏதோ நகர்ந்தது கைக்குத் தெரிந்தது. டெல்பர்ட் கரையில் மண்டியிட்டார். பிறகு சட்டையைக் கழற்றி, கிழிந்த இடத்தை அதனால் மூடினார்.

மத்தியானம் கவுண்டி நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுதிக்கொண்டார். "சொந்தக்காரங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்," என்றார் டெல்பர்ட்.

ட்வைலாவின் டிரெய்லர் வீட்டை வெள்ளம் புரட்டிப் போட்டிருந்தது. அவள் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக்கூடத்தில், தஞ்சம் வந்த மற்றவர்களோடு ஒரு மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். டெல்பர்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"எங்க வந்து நின்னுச்சு?"

"சபைப் பாலத்துல."

அவள் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ வேணாம்னு சொன்ன பிள்ள. தூக்கிட்டு வர ஆளில்லைன்னு அவனே வந்துட்டான் பாத்தியா?"

முதல்முறையாக அவள் அவரை 'நீ' என்றாள். டெல்பர்ட் தலையைத் தூக்கவில்லை.

"நான் பண்ணது தப்பு, ட்வைலா. உங்கப்பா பக்கத்துலயே வெட்டுறேன். நீ சரின்னு சொன்னா."

அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வெட்டு. ஆனா ஜெபம், பிரசங்கம் ஒண்ணும் கூடாது. உன் வாயிலிருந்து ஒரு வார்த்த வரக்கூடாது."

"சரி."

சாயங்காலம், சேறு வழித்துப்போட்ட சபையில் ஈரப் பெஞ்சுகளில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். சபையே இப்போது அவ்வளவுதான். பெட்டி பின்பக்கக் கொட்டகையில் இருந்தது. எல்லாருக்கும் அது தெரியும்.

"அந்தத் தீர்மானம் நான் கொண்டுவந்தது," என்றார் டெல்பர்ட். "அத எடுத்துடணும். எனக்குப் பேசத் தெரியாது. அவ்வளவுதான்."

ஹோபர்ட் ஸ்லோன் எழுந்தார். முப்பது வருஷமும் டெல்பர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று குழி வெட்டியவர்.

"வெள்ளத்துல ஒரு பெட்டி வந்தா சத்தியம் மாறிடுமா? காலையில செத்த மாடு ஒண்ணும்தான் வந்து ஒதுங்குச்சு. அதுக்கும் ஒரு தீர்மானம் போடுவோமா?"

"மாட்ட நான் வாசல்ல நிக்க வச்சுத் திருப்பி அனுப்பலையே, ஹோபர்ட்."

"நான் அன்னைக்கே கை தூக்கல," என்று ஐலீன் கிழவி குறுக்கே பேசினாள்.

பாஸ்டர் திகைத்துப்போனார். "உங்களுக்குக் காதுல விழலன்னு நெனச்சோம், சிஸ்டர்."

"உங்க பிரசங்கம்தான் எனக்குச் சரியா விழாது, பாஸ்டர். அன்னைக்கு அவர் சொன்னது நல்லா விழுந்துச்சு. எந்திரிச்சுக் கேட்டிருக்கணும். கேக்காம வீட்டுக்குப் போயிக் காப்பி குடிச்சேன். என் பாவம் அது."

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் மேடைக்கு ஏறாமல், இருந்த இடத்திலேயே எழுந்தார்.

"மனசு புதுசாகணும், மனசு புதுசாகணும்னு பதினோரு வருஷமா இங்க நின்னு கத்துறேன். என் மனசு மட்டும் மாறவேயில்ல. டெல்பர்ட் கோவிச்சுக்குவாருன்னு பயந்துக்கிட்டு, ஒரு தாயக் கைவிட்டேன். ஊழியத்த நாமதான் நிறுத்தினோம். ஆண்டவர் நிறுத்தல."

"அப்ப என் பேர எடுத்துடுங்க," என்றார் ஹோபர்ட். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி சற்றுத் தயங்கி, பின்னாலேயே போனாள். மிச்சம் ஐந்து பேர்.

"தீர்மானம் எடுத்தாச்சு. வெட்டுறது யாரு?" என்றார் பாஸ்டர். அவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது; காலையில் பெட்டியை இழுத்ததிலிருந்து நிமிர முடியவில்லை. டெல்பர்ட்டின் நெஞ்சு எல்லாருக்கும் தெரிந்த கதை.

"ஏன், எங்களுக்குக் கை இல்லையா?" என்றாள் ஓலீன்.

"பொம்பளைங்க குழி வெட்டினதே இல்லையே இங்க," என்று டெல்பர்ட் தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

ஓலீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான் ஒரு தீர்மானத்த எடுத்தீங்க. அடுத்தத ஆரம்பிக்காதீங்க."

மறுநாள் காலை டெல்பர்ட்தான் முதலில் மண்வெட்டியைப் போட்டார். மழையில் ஊறிய களிமண், பிடித்தால் விடாது. இரண்டடி இறங்கியதும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஓலீன் அவர் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவளும், அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மெரிடித் நேப்பியரும் மாறிமாறி உள்ளே இறங்கினார்கள். ஐலீன் மேலே உட்கார்ந்து வாளியில் மண்ணை வாங்கிக் கொட்டினாள். பாஸ்டர் கயிறு பிடித்தார். கவிழ்த்துப்போட்ட ஒரு வாளிமேல் உட்கார்ந்து, பெண்கள் வெட்டுவதை டெல்பர்ட் பார்த்துக்கொண்டிருந்தார். 'இடது பக்கம் சாயுது' என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. மூன்று மணிக்குக் குழி முடிந்தது.

ட்வைலாவும் அண்ணனும் வந்தார்கள். கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி அவள் குழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஆழம் போதுமா?"

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தவள் அவரிடம்தான் கேட்டாள். டெல்பர்ட் அளவுகோலை உள்ளே இறக்கி, எடுத்து அவளிடம் நீட்டினார். ஆறடி. அவள் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

பெட்டி இறங்கியது. யாரும் பாடவில்லை, யாரும் ஜெபிக்கவில்லை. ஈர மண் பலகைமேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மண் மூடியதும் ட்வைலா யாரிடமும் நன்றி சொல்லாமல் இறங்கிப் போனாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மார்ச் மாதம் ஒரு பெண். ஏப்ரலில் அண்ணன் தம்பி இருவர் ஒரே வாரத்தில். ஒரு நாள் மேட்டில் மறுபடியும் ஊசி கிடந்தபோது, பழைய கோபம் அப்படியே ஏறி வந்ததை டெல்பர்ட் உணர்ந்தார். மாறிவிட்டதாக நினைத்த மனசு மாறவில்லை. காலையில் அதைத் திருப்பி வைத்தால் சாயங்காலத்துக்குள் பழைய பக்கமே போய் நின்றது. அவர் ஊசியைப் பொறுக்கி ஒரு காப்பி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, "கர்த்தாவே, இன்னைக்கும் ஒரு தடவ," என்று முனகியபடி குழிக்கு அடையாளக் குச்சி நட்டார்.

மே மாதம் ஐலீன் கேட்டாள்: "செத்தப்புறம் வெட்டுறதுக்கு மட்டும்தானா நாம? உயிரோட இருக்கறப்ப ஒரு தடவ போயிப் பாத்தா என்ன?"

அப்படித்தான் சனிக்கிழமைகளில் டிரெய்லர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். சூப்புப் பானையும், போதை அதிகமாகி மூச்சு நின்றவனின் மூக்கில் அடிக்கிற மருந்தும் எடுத்துப் போனார்கள். முதல் கதவைத் திறந்த பெண் டெல்பர்ட்டை அடையாளம் கண்டுகொண்டு, "குழி அளக்க வந்தியா கிழவா?" என்று கேட்டுவிட்டு முகத்தில் அடித்தாற்போலச் சாத்தினாள். அவர் அடுத்த கதவைத் தட்டினார். அந்தக் கோடையில் அந்த மருந்தால் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். அவனே இரண்டு மாதம் கழித்து வேறோர் ஊரில் செத்தான். குழியை இவர்கள்தான் வெட்டினார்கள்.

அக்டோபரில் முதல் கதவைச் சாத்திய அந்தப் பெண்ணும் போய்ச் சேர்ந்தாள். சொந்தம் என்று யாரும் வரவில்லை. காலையில் மேட்டுக்கு ஏறியபோது, ஓலீனுக்கும் மெரிடித்துக்கும் முன்பே அங்கே ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. ட்வைலா. பள்ளிச் சமையற்கூடத்து ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல், கையில் சொந்த மண்வெட்டியோடு நின்றாள்.

டெல்பர்ட்டை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எங்க வெட்டணும்?" என்று ஓலீனிடம் கேட்டாள்.

ஓலீன் இடத்தைக் காட்டினாள். ட்வைலா காலை ஊன்றி மண்வெட்டியை இறக்கினாள்.