மேனேஜருக்கு மருந்து

பண்ணைக் குளியலறையில் என் உடம்பிலிருந்து ஒரு தெள்ளுப்பூச்சி குதித்தது. வாட்ச்மேன் பொன்னன் அதைப் பார்த்துவிட்டார்.

எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் இருக்கிறது. நான் அங்கே சூப்பர்வைசர். உள்ளே போக வேண்டுமென்றால் கேட்டிலேயே குளிக்க வேண்டும், பண்ணை உடுப்பை மாட்ட வேண்டும், ஊதா நிற மருந்துத் தொட்டியில் கால் நனைக்க வேண்டும். முதலாளியும் அப்படித்தான் வருவார். கடன் விஷயமாக வந்த வங்கி அதிகாரி ஒருவரைக்கூடக் குளிக்க வைத்திருக்கிறோம். வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி, கிளி, புறா எதுவும் வளர்க்கக் கூடாது, நோயைக் கொண்டுவந்துவிடும். பூனையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. இறகு இல்லை என்பதால் விட்டிருப்பார்கள்.

பொன்னன் ஈர விரலால் பூச்சியை அமுக்கிப் பிடித்து, தீவனச் சாம்பிள் பாட்டிலில் போட்டு மூடினார். பிறகு என் கால்களைப் பார்த்தார்.

"சார், உங்களக் கடிக்கலீங்களா?"

குனிந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள்.

"தெரியல."

"அரிக்கக்கூட இல்லீங்களா?"

"இல்ல."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

முதலாளி சின்னுசாமி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பண்ணைக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்த வருடம் அவர் முகம் இப்படித்தான் இருந்தது.

"ஏனுங்க தம்பி, ஊட்டுல என்ன வெச்சிருக்கறீங்க?"

"பூனைங்க."

"நீங்களா வளக்கறீங்க?"

"மலர்விழி வளத்ததுங்க."

"இப்ப?"

"இப்பப் பூனை இருக்குதுங்க."

மலர்விழி என் மனைவி. போன மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துபோனாள். ஏதோ ஒரு கொசு. அதை யாரும் பாட்டிலில் பிடித்து வைக்கவில்லை.

பூனையின் பெயர் மேனேஜர். கல்யாணமான புதிதில் மேச்சேரியிலிருந்து கூடையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். "நீங்க வெறும் சூப்பர்வைசர்தானுங்களே, ஊட்டுல மேல ஒருத்தரு வேணுமல்ல" என்று அந்தப் பெயரை வைத்தாள். அதற்கு என்னைப் பிடிக்காது. எனக்கு அதைப் பிடிக்குமா என்று யோசித்ததில்லை. அவள் போர்வையின் ஒரு முனையில் அது படுக்கும், மறுமுனையில் நான். அந்தப் போர்வையை நான் துவைக்கவில்லை. அவள் வாசம் அதில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"திங்கக்கெழம புதுக்கோழி எறங்குது" என்றார் முதலாளி. "அதுக்குள்ள பூனையக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உட்டுருங்க. தின்னு பொழச்சுக்கும். இல்லீன்னா நீங்க லீவுல இருங்க."

அவர் லீவு என்றால் திரும்பி வர முடியாத லீவு.

"மருந்து போட்டுப் பாக்கறனுங்க."

"ஒத்த உருப்படிக்கா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பண்ணையில் ஒரு கோழிக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் மொத்த ஷெட்டுக்கும்தான். ஒரு கோழி மட்டும் சீக்கானால் அதைத் தூக்கிவிடுவோம்.

நாமக்கல்லில் செல்லப்பிராணி மருந்துக்கடை வைத்திருந்த பெண்ணின் பெயர் அறிவுச்செல்வி. பெயர்ப் பலகையில் இருந்தது.

"பூனை எத்தனை கிலோங்க?"

"தெரியலீங்க."

"தோராயமாச் சொல்லுங்க."

"ரெண்டு கோழி இருக்கும்."

"லேயரா, பிராய்லரா?"

"லேயர்."

அவர் தலையாட்டிவிட்டு ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்தார். உள்ளே அரை ஸ்பூன் மருந்துகூட இராது. அறுநூற்று இருபது ரூபாய்.

"மாசம் ஒண்ணுங்க. கழுத்துக்குப் பின்னால, நாக்கு எட்டாத எடத்துல, மயிர வெலக்கித் தோல்ல உடோணும்."

"தெள்ளு போயிட்டா நிறுத்திக்கலாமுங்களா?"

"நிறுத்துனா மறுபடி வந்துரும். இது போறதுக்கு மட்டும் இல்லீங்க, வராம இருக்கறதுக்கு."

தலை தானாகவே வகுத்தது. பண்ணையில் மருந்துச் செலவைக் கோழிக்கு இத்தனை பைசா என்றுதான் போடுவோம். முட்டை ஐந்து ரூபாய் என்று வைத்தால், மேனேஜர் மாதம் நூற்றிருபத்துநான்கு முட்டை இட்டால்தான் கட்டுபடியாகும். எங்களிடம் இருக்கும் நல்ல கோழிகளே முப்பதைத் தாண்டுவதில்லை.

"கோழிப் பேனுக்கு அடிக்கற மருந்து பண்ணைல கேன் கேனா இருக்குதுங்க. அதுல ஒரு சொட்டு..."

"அதப் பண்ணீராதீங்க. பூனை செத்துப்போயிரும்."

ட்யூபை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் கேட்டார்.

"பூனை எதுல படுக்குதுங்க?"

"ஒரு போர்வைல."

"மொதல்ல அதச் சுடுதண்ணில போட்டு எடுங்க. பூனை மேல இருக்கறது கொஞ்சந்தான். முட்டையெல்லாம் ஊட்டுலதான் கெடக்கும்."

சரி என்றேன். வீட்டுக்குப் போய்ப் போர்வையை மடித்து வைத்தேன். பிறகு பிரித்துப் படுத்தேன். ட்யூபை உடைக்கக்கூட இல்லை. மேனேஜர் எதிர்முனையில் சொறிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கேட்டில் நின்றபடி முதலாளியிடம் விவரம் சொன்னேன். முட்டை விஷயத்தையும் சொன்னதுதான் வினை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"முட்டை ஊட்டுக்குள்ள கெடக்குதுன்னாங்களா? அப்ப அது ஊடு இல்லீங்க தம்பி. ஷெட்டு."

முட்டை இட்டு ஓய்ந்த கோழிகளை விற்றதும் ஷெட் காலியாகும். அப்போது உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுப்போம். எருவை அள்ளி, கழுவி, பூச்சிமருந்து அடிப்போம். பிளேம் கன்னில் நெருப்பைப் பீய்ச்சிக் கூண்டுகளைப் பொசுக்குவோம். கடைசியாகச் சுண்ணாம்பு. அதற்குப் பிறகுதான் புதுக்கோழி. என் வீட்டுக்கும் அதையே செய்ய ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

"எதுக்குங்க உங்களுக்குச் செலவு" என்றேன்.

"புதுசா ஒரு சூப்பர்வைசரப் பழக்கறதுக்கு இது கம்மீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணை டெம்போ என் வீட்டு வாசலில் நின்றது. பொன்னனும் கூட இரண்டு ஆட்களும் கம்பூட்ஸ் போட்டு இறங்கினார்கள். முதல் வேலையாக வாசற்படியில் மருந்துத் தொட்டியை வைத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தாயி ஓடி வந்தாள்.

"இதென்ன சாமி, யாருக்கு என்ன ஆச்சு?"

"பூனைக்குத் தெள்ளுங்க."

"தெள்ளுக்கா இத்தன பேரு? என்ற மருமவனுக்கு மஞ்சக்காமாலைன்னு படுத்தப்ப ஒருத்தரு எட்டிப் பாக்கல."

"கால நனைச்சுட்டு உள்ள வாங்க, ஆத்தா" என்றார் பொன்னன்.

நனைத்தாள். பாதம் ஊதாவாகிவிட்டது. தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இது எப்படா போகும்?"

"ஒரு வாரம் ஆகுங்க."

"நாளைக்கு நான் வளைகாப்புக்குப் போகோணும், நாசமாப் போறவனே."

மேனேஜரைப் பிடித்தோம். பொன்னன் முப்பது வருடமாகக் கோழிக்கு ஊசி போடப் பிடித்துக் கொடுத்தவர். கை பழக்கத்தில் இறக்கையைத் தேடியது. மேனேஜர் அந்தக் கையை உரித்துவிட்டது.

"சார், தெளிக்கற மருந்தையே இதுக்கும் ஒரு அடி அடிச்சரலாமுங்களா?"

"செத்துரும்."

"செத்தாத் தெள்ளும் போயிருமல்லங்க."

நான் கழுத்து மயிரை விலக்கி ட்யூபைப் பிதுக்கினேன். ஒரே நொடி. அறுநூற்று இருபது ரூபாய் தோலில் இறங்கியது. குஞ்சு வரும் பெட்டியில் பூனையை அடைத்து அத்தாயியிடம் கொடுத்தேன். "ஏனுங்க மேனேஜரே, உங்களையும் சஸ்பெண்டு பண்ணிட்டாங்களா" என்று அதனிடம் கேட்டபடி தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டிலிருந்த எல்லாம் தெருவுக்கு வந்தன. கட்டில், பீரோ, மிக்ஸி, மலர்விழியின் தையல் மெஷின். உள்ளே பார்த்தபோது நிறைய இருப்பதுபோல் தெரிந்தவை தெருவில் ஒரு டெம்போ லோடுகூட ஆகவில்லை. இரும்புக் கட்டிலின் கால்களுக்கு நெருப்பு காட்டினார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பொன்னன் ஒரு நீளக் குச்சியில் போர்வையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மறுகையில் பிளேம் கன்.

"இது எருவுலதானுங்களே சேரும்? கொளுத்தீரலாம்."

"கொளுத்த வேண்டாம்."

"ஒண்ணுகூட உடாதீங்கன்னு மொதலாளி சொன்னாருங்க."

"கொளுத்த வேண்டாம்னு சொல்றேன்."

என் குரல் எதிர்வீட்டு மாடிக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். பொன்னன் நெருப்பை அணைத்துவிட்டு நின்றார்.

"அப்ப என்னங்க பண்றது? எரிக்கோணும், இல்லீன்னா வேக வெக்கோணும். அப்படியே உள்ள கொண்டுபோனா நாளைக்கு மறுக்காத் தெள்ளுதான். மொதலாளி பூனைய உடச் சொல்லுவாரு."

போர்வை அப்படியே இருந்தால் பூனை போக வேண்டும். பூனை இருக்க வேண்டுமென்றால் போர்வை வேக வேண்டும். இரண்டும் அவள் விட்டுப்போனவை. ஒன்றுக்கு மூச்சு இருந்தது.

"வேக வெப்போம்" என்றேன்.

அத்தாயி நெல் வேக வைக்கும் அண்டாவைக் கொடுத்தாள். தெருவோரம் மூன்று கல் வைத்து, விறகுக்குப் பிளேம் கன்னாலேயே தீ மூட்டினோம். தண்ணீர் கொதித்ததும் போர்வையைக் குச்சியிலிருந்து எடுத்தேன். ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டேன். போட்டுவிட்டேன்.

ஆவி எழுந்தது. அத்தாயி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"கருமம். பூனை மூத்தரம்."

எனக்கு அந்த வாசம் தெரியும். இத்தனை மாதமாக முகத்தைப் புதைத்துப் படுத்த வாசம் அதுதான். கொதிக்கும்போது இன்னும் தெளிவாக வந்தது. சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

"மலர்விழியோடதுன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றேன்.

பொன்னன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கும் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை.

"அவ பூனைதான சாமி" என்றாள். "நல்லாத் துளாவி உடு. அடியில தங்கிக்கும்."

துழாவினேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். தொட்டியில் கால் நனைத்துவிட்டு உள்ளே நுழைந்து, சுவரில் விரல் வைத்துச் சுண்ணாம்பைப் பார்த்தார். மூலையெல்லாம் குனிந்து பார்த்தார். என் வீடு இவ்வளவு வெளுப்பாக எப்போதும் இருந்ததில்லை. கடைசியாக, அத்தாயி வாசலில் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்த குஞ்சுப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். துளை வழியாக மேனேஜர் அவரைப் பார்த்தது.

"மாசாமாசம் அறுநூத்தி இருவதுங்களா?"

"ஆமாங்க."

"எலி புடிக்குமா?"

"இல்லீங்க."

"உங்ககிட்டயாச்சும் வந்து ஒட்டுமா?"

"சோத்துக்கு வருமுங்க."

"அப்பறம் இது என்னதாங்க தம்பி குடுக்குது?"

யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லீங்க."

பண்ணையில் ஒரு ஷெட்டைப் பற்றி இப்படிச் சொன்னால் மறுநாள் கோழிகளை ஏற்றிப்போக வியாபாரி வண்டி வந்துவிடும். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசமும் போடுவீங்களா?"

"போடுவனுங்க."

"அதுக்கடுத்த மாசம்?"

"போடுவனுங்க."

அடுத்த மாதம் என்று ஒன்று இருப்பதாகவே நான் வெகுநாளாக யாரிடமும் பேசியிருக்கவில்லை. முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"செரி. நாளைக்கு நேரத்துல வந்து குளிங்க. கோழி எறங்குது."

அவர் கார் போனதும் பெட்டியைத் திறந்தேன். மேனேஜர் வெளியே வந்து, கொடியில் தொங்கிய போர்வையை முகர்ந்து பார்த்தது. அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. அதன் கீழே, ஈரம் சொட்டாத இடமாகப் பார்த்துப் படுத்தது.

அப்போதுதான் என் கால் அரித்தது. முதலில் கணுக்காலுக்கு மேலே ஓரிடம். பிறகு முழங்காலுக்குக் கீழே பூராவும். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சொறிந்தேன். தொட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த பொன்னன் நின்று பார்த்தார்.

"இப்பத்தானுங்களா அரிக்குது?"

"ஆமா."

"நல்லாச் சொறிங்க, சார்" என்றார்.