முப்பத்தோராம் அடி

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மே மாதம் பதினாறாம் தேதி, கல்லுக்குட்டைத் தெருப் பொதுக்கிணற்றின் முப்பத்தோராம் அடியில், கிணறு வெட்டும் ஜான்சன் தன் மகளின் கால்தடத்தைக் கல்லுக்குள் கண்டெடுத்தார். அன்று காஞ்சிபுரத்தில் வெயில் நூற்றெட்டு டிகிரி. தண்ணீர் லாரி நான்காவது நாளாக வரவில்லை. அந்த ஆழத்துக் கல் ஏடு ஏடாகப் பிரிகிற வகை. இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பியதும் முறம் அளவு பலகை ஒன்று தனியாகப் பெயர்ந்து வந்தது. திருப்பிப் பார்த்தார். ஆறு வயதுக் குழந்தையின் இடது கால். நான்காம் விரல் சுண்டுவிரலின் மேல் ஏறிக் கிடந்தது. ஓரத்தில் கொலுசு மணி அழுந்திய ஐந்து புள்ளிகள். மேலே கிரேன் அருகில் நின்றவர்கள் வாளியை இறக்கட்டுமா என்று கேட்டார்கள். ஜான்சன் பலகையை வாளியில் வைக்காமல், தானே தோளில் சாய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

ஷாரோன் அவருடைய ஒரே மகள். எட்டு வருடங்களுக்கு முன், பத்தொன்பது வயதில், வாலாஜாபாத்தில் காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பஸ் கம்பெனி வாசலில் நின்றபோது அவள் இருந்த இருக்கையில் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. வழியில் யாரும் இறங்கவில்லை என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். கூடப் போன பெண்களும் அதையே சொன்னார்கள். பையில் இருந்த எலுமிச்சைச் சாதத்தை ஷாரோனின் அம்மா கிரேஸ் மூன்று நாள் கொட்டாமல் வைத்திருந்தார். அதன் பிறகு ஜான்சன் கிணறுகளுக்குள்ளேயே பொழுதைக் கழித்தார். கிரேஸ் பட்டுச் சங்கத்தில் சேலை மடிக்கும் வேலைக்குப் போய்வந்தார். வீட்டில் இருவரும் தேவைக்குமேல் பேசுவதில்லை.

கிணற்றை ஆழப்படுத்தும் யோசனை கைலாசத்துடையது. மூன்று தறி வைத்திருக்கும் நெசவாளர், தெருக் கமிட்டியின் தலைவர். தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். கிணறு இருபத்தெட்டு அடியில் காய்ந்து கிடந்தது. இன்னும் இருபது, முப்பது அடி போனால் ஊற்று கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஜான்சன் அந்தப் பலகையைத் துண்டில் சுற்றி, வண்டியின் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிரேஸ் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். துண்டை விலக்கிக் காட்டியதும், கையைக்கூடத் துடைக்காமல் குனிந்து பார்த்தார்.

"இது கொலுசு வாங்குன வருஷம். முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சே, அப்போ."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.

கைலாசத்தின் மகள் துர்காதேவி அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்புக்குப் பாறைகளைப் பற்றி வருடாவருடம் பாடம் நடத்துகிறவர். ஜான்சன் வீட்டுக்கு வந்து அவர் பலகையை வெயிலில் சாய்த்து, ஓரத்தை நகத்தால் சுரண்டி, மோந்தும் பார்த்தார்.

"படிவுப் பாறைண்ணே இது. களிமண்ணு படிஞ்சு படிஞ்சு ஆனது. சேறு ஈரமா இருக்கும்போது யாரோ மிதிச்சிருக்காங்க. அது கொஞ்சம் காஞ்சதும் மேல புதுசா வண்டல் வந்து மூடிக்கிச்சு. அதுமேல இன்னொண்ணு. பாரம் ஏற ஏற உள்ள இருந்த தண்ணியெல்லாம் பிழிஞ்சு வெளிய போயி கல்லாயிடும்."

"எவ்ளோ நாளாவும்மா?" என்று ஜான்சன் கேட்டார்.

"நாளா? கோடி வருஷங்கண்ணே. நம்ம பக்கம் இந்தக் கல்லுல இலை பதிஞ்சதைத்தான் பாத்திருக்கேன். அதுவே மனுஷன் பொறக்குறதுக்கு முன்னால இருந்த இலை."

"எங்க பொண்ணு போயி எட்டு வருஷந்தாம்மா ஆவுது."

துர்காதேவி பலகையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை அவர் பாடப்புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தார். அதில் பிழை எதுவும் இல்லை.

மறுநாளிலிருந்து கிரேஸ் வேலைக்குப் போகவில்லை. கிரேன் வாளி மேலே வரும்போதெல்லாம் ஒவ்வொரு கல்லையும் தானே இறக்கி, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். முப்பத்து நான்காம் அடியில் குதிகாலில் பிறை போல ஒரு தழும்பு சேர்ந்திருந்தது. அது சைக்கிள் கம்பியில் கால் மாட்டிய ஒன்பதாவது வயது. முப்பத்தெட்டாம் அடியில் கால் நீண்டிருந்தது. ஒரு பலகையில் தடத்தைச் சுற்றி மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள்கூட இருந்தன. துர்காதேவிக்கு இதுதான் பொறுக்கவில்லை. கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்பது படிவுப் பாறையின் முதல் விதி. இங்கே கீழே போகப்போக ஷாரோன் வளர்ந்துகொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாம் அடியில் கம்பெனி ஷூவின் தடம் வந்தது. அடியில் வரிவரியாக இருக்கும் ரப்பர் ஷூ, வலது முனை தேய்ந்தது. அவள் காணாமல்போன நாளின் விடியல் ஜான்சனுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர்தான் அவளை வண்டியில் வாலாஜாபாத்தில் இறக்கிவிட்டார்.

அதற்கடியில் இருந்த பலகையில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. இரண்டு அடி கனத்துக்கு வழவழவென்று வெறும் கல் வந்தது. ஒவ்வொரு பலகையையும் நெம்புவதற்கு முன் ஜான்சன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். இந்தக் கல்லைத் திறக்காமல் விட்டால் அவள் இன்னும் எங்கேயோ இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்து, கடைசிவரை ஒன்றுமே வராவிட்டால்? ஐந்து நாட்களுக்கு இப்படி. கிரேஸ் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இன்னாங்க, எதுனா கீதா?"

"இல்லம்மா."

ஆறாம் நாள், நாற்பத்து ஐந்தரை அடியில், வெறுங்கால் வந்தது. அதே ஏறிய விரல், அதே பிறைத் தழும்பு. ஆனால் குதிகால் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஆழமாக அழுந்தியிருந்தது. கிரேஸ் அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, தடத்துக்குள் தன் விரல்களை விட்டு அளந்தார்.

"மாசமா கீறா. சுமந்துக்கினு நடந்தாத்தான் இப்பிடி அழுந்தும். நான் இவளைச் சுமந்தப்போ எங்கம்மா வீட்டு வாசல்ல இப்பிடித்தான் பதிஞ்சுச்சு."

ஜான்சன் கிணற்றுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். கைலாசம் கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிவரக் கிளம்பினார். நாற்பத்தெட்டாம் அடியில் அவள் தடத்தின் பக்கத்தில் உள்ளங்கை நீளத்துக்கு இன்னொரு கால் தெரிந்தது. புதிதாக நடக்கப் பழகிய கால். அதன் நான்காம் விரலும் சுண்டுவிரலின் மேல் ஏறியிருந்தது. அந்த வாரம் கணவனும் மனைவியும் எட்டு வருடத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. பலகைகள் வீட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றன. அவற்றைத் தொட்டால் உடம்புச் சூடு இருந்தது.

ஐம்பத்திரண்டாம் அடியில் கல் மாறியது. கடப்பாரை இறங்க மறுத்தது. கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக, நெளிநெளியாக இருந்த பாறை அது. தடங்கள் அதிலும் இருந்தன. ஆனால் அவை இழுபட்டிருந்தன. விரல்கள் முழ நீளத்துக்கு நீண்டு, குதிகால் மடங்கி, குழந்தையின் கால் தாயின் காலுக்குள் புகுந்து ஒரே வரியாக ஓடியது. பார்த்தவர்களில் இரண்டு பேர் உடனே மேலே ஏறிவிட்டார்கள்.

"உருமாறிய பாறை" என்றார் துர்காதேவி. ஏணியில் பாதிவரை மட்டும் இறங்கியிருந்தார். "ரொம்ப ஆழத்துல பாரமும் சூடும் சேந்து அமுக்கும்போது கல்லு உருகாமலே வேற கல்லா மாறிடும். உள்ள இருக்கிறது எல்லாம் நசுங்கி, நீண்டுபோயிடும்."

"இவுங்க எங்க போறாங்க? இங்க வர்றாங்களா, அந்தாண்ட போறாங்களா?" என்று கிரேஸ் கேட்டார்.

"தெரியலக்கா. விரல் எந்தப் பக்கம், குதிகால் எந்தப் பக்கம்னே தெரியலையே."

பாறையின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை செங்குத்தாக ஏறியிருந்தது. அது தீப்பாறை என்றும், உருகிய குழம்பு பிளவில் ஏறி ஆறி இறுகியது என்றும் துர்காதேவி சொன்னார். அதில் எதுவும் பதிந்திருக்காது. உருகிப்போன கல்லுக்கு, முன்பு நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. அந்தப் பட்டையும் வரிப்பாறையும் சேருமிடத்தில் ஜான்சன் காதை வைத்துக் கேட்டார். உள்ளே தண்ணீர் ஓடியது. ஒரே ஒரு வெடி போதும். ஆனால் தண்ணீர் ஏறினால் கிணற்றுச் சுவரின் ஏடுகளில் பெயர்க்காமல் விட்ட தடங்கள் எல்லாம் மூழ்கிவிடும். அதன் பிறகு தோண்டவும் முடியாது.

இழுபட்ட தடங்களைப் பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கிய கிரேஸ், வெடி வைப்பதற்காக மேலே வர மறுத்துவிட்டார். உரிமம் உள்ள வெடிக்காரர் வர வேண்டியிருந்தது. அது நாற்பது வருடத்துக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்திவரதர் கோயில் குளத்திலிருந்து வெளியே வந்திருந்த மாதம். லட்சக்கணக்கில் வந்த கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்ததால் அவர் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் விடிந்ததும் இறங்கி, இருட்டும்வரை கிரேஸ் கிணற்றின் அடியில் இருந்தார். தெருவில் யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் இரண்டாம் நாள் ஒரு வீட்டில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள் இன்னும் இரண்டு வீடுகளில். கைலாசம் கிணற்றின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து பேசினார்.

"கிரேஸ்மா, நான் இன்னா சொல்றது. உன் பொண்ணு என் கண்ணு முன்னால வளந்தவ. உனக்கு எவ்ளோ நாளு வேணும் சொல்லு, கமிட்டில நான் பேசிக்கிறேன். ஆனா குடிக்கத் தண்ணி இல்லமா."

நான்காம் நாள் காலை கிரேஸ் இழுபட்ட தடத்தின் மேல் நீட்டிப் படுத்தார். அவர் குதிகாலிலிருந்து தோள்வரைக்கும் அது நீண்டிருந்தது. வெகுநேரம் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து, மேலே நின்ற துர்காதேவியைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, காஞ்ச மண்ணுல கால் பதியுமா?"

"பதியாதுக்கா. ஈரம் இருந்தாத்தான் பதியும்."

"ஊரே காஞ்சு கெடக்குது. அவ வந்தாலும் எதுல மிதிப்பா?" என்றார் கிரேஸ். பிறகு புடவையைத் தட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். "வெடி வைக்கச் சொல்லுங்க."

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு வெடி வைத்தார்கள். ஜான்சன்தான் பாறையில் துளை போட்டார். தண்ணீர் முதலில் சேறாகவும், பிறகு தெளிவாகவும் வந்தது. மூன்று நாளில் இருபத்தாறு அடி ஏறி நின்றது. நாற்பத்திரண்டு வீடுகளும் குடித்தன. குழந்தைகள் தேறின. கிணற்றுச் சுவரிலிருந்த தடங்கள் ஒவ்வொன்றாக மூழ்குவதைக் கிரேஸ் நின்று பார்த்தார். வீட்டிலிருந்த பலகைகளும் நிலைக்கவில்லை. காற்று பட்டதும் அந்தக் களிக்கல் வெடித்து, உதிர்ந்து, ஆகஸ்ட் முடிவதற்குள் சாம்பல் நிறப் பொடியாகிவிட்டது. கொலுசுத் தடம்தான் கடைசியாகப் போனது. கிரேஸ் பொடியை எல்லாம் கூட்டி அள்ளிக் கிணற்றடியில் பரப்பினார். வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. ஜான்சன் மறுபடி பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிணற்றின் சிமெண்ட் விளிம்பிலிருந்து ஈரக் கால்தடங்கள் கிளம்பி, தெருவைக் கடந்து, ஜான்சன் வீட்டு வாசல்படி ஏறி உள்ளே போயின. ஒரு பெண்ணின் கால், பக்கத்தில் ஒரு குழந்தையின் கால். இரண்டிலும் நான்காம் விரல் ஏறியிருந்தது. தண்ணீர் எடுக்க வந்த ஏழு பேர் பார்த்தார்கள். நடப்பவர்களை யாரும் பார்க்கவில்லை. தடங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் நனைந்தன. கைலாசத்தின் மனைவி குடத்தைக் கீழே போட்டுவிட்டார். மறுநாளும் அவை வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன. மெல்லத் தெருவுக்குப் பழகிவிட்டது.

ஊரடங்கு வருடத்தில் போலீஸ் தெருவை அடைத்தபோதும் அவை தினமும் வந்தன. கிரேஸ் சங்கத்து வேலையில் மறுபடி சேர்ந்து, நேரத்தை ஏழரைக்கு மேல் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டும் மாட்டினார். சின்னக் கால் வருடத்துக்கு அரை விரற்கடை வளர்ந்தது. இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூனில் அது வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பிப் பள்ளிக்கூடம்வரை போய்வரத் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பயந்துவிடாமல் இருக்கத் துர்காதேவிதான் போய் விவரம் சொல்லிவிட்டு வந்தார். கடைசி பெஞ்சின் ஓரம் காலியாக விடப்பட்டது. கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கும் வாரங்களில் மட்டும் அந்த இடம் காய்ந்திருக்கும். அதை யாரும் லீவாக எழுதுவதில்லை.

சென்ற நவம்பரில் ஒரு காலை ஜான்சன் வேலைக்குப் போகும் அவசரத்தில் இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். உள்ளேயிருந்து கிரேஸ் சத்தம் போட்டார்.

"பாத்து போங்க! குறுக்கால போவாதீங்க, புள்ளைங்க வந்துக்கினு இருக்குதுங்கல்ல!"

ஜான்சன் சுவரோரம் ஒதுங்கி நின்றார். பெரிய ஈரமும் சின்ன ஈரமும் அவரைத் தாண்டிப் படியேறி உள்ளே போயின. அவை போன பிறகு அவர் குடங்களை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார்.