செவப்பு நூல் கட்டுன பாட்டில்

தொண்ணூத்தாறுல எங்க ஊட்டுக்காரரு காஜா மைதீன் ரங்கூன்ல கல்யாணக் கார் ஓட்டிக்கிட்டிருந்தாரு. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னாடி வந்த ஆஸ்டின், என்னயவிட மூத்தது. அது அந்த மாசம் மூணு வாட்டி நடுரோட்ல நின்னுபோச்சு. கடைசி வாட்டி கல்யாணப் பொண்ணு உள்ள உக்காந்திருக்கையிலயே. அந்தப் பொண்ணோட மாமன், "முசீபத்து புடிச்ச வண்டி"ன்னு தெரு பூரா சொல்லிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழம எங்க மவ அப்ஸானாவ அதுலதான் இன்சீனுக்கு மாப்பிள்ள ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும். வழில நின்னா?

"பெட்ரோலோட தண்ணி போவுது, பில்டர மாத்தணும்"னாரு அவரு. அந்தக் கெழட்டு வண்டிக்குப் புது பில்டருக்கு எங்க போறது? நானே செஞ்சேன். பித்தள வலைல ஒண்ணு, பழைய கம்பளித் தொப்பிய வெட்டி ஒண்ணு, கார் தொடைக்கிற மெத்துத்தோல்ல ஒண்ணு. அந்தத் தோல மொதல்ல பெட்ரோல்ல நனைச்சிரணும். அப்பறம் பெட்ரோல விடும், தண்ணிய விடாது, மேலயே முத்து முத்தா நிக்கும்.

எது தேவலன்னு பாக்கணுமில்ல? பரீதாகிட்ட நாலு பாட்டில் வாங்கியாந்தேன். ரோட்டோரத்துல பெட்ரோல் விக்கிறவ. அப்ஸானா பொறந்தப்ப எனக்குப் பிள்ளப்பேத்து மருந்து கிண்டிக் குடுத்தவ. எனக்குன்னு செவப்பு நூல் கட்டித் தனியா எடுத்து வெப்பா. கூடப்பொறந்த அக்காவக் கூப்புடுறாப்புல, "இது உங்களுக்குத்தான் லாத்தா"ம்பா. எனக்கு அதுல ஒரே பெரும.

மூணு பாட்டில்ல நானா ஒவ்வொரு கரண்டி தண்ணி கலந்து, ஒரு பில்டருக்கு ஒண்ணா ஊத்துனேன். வல அழுக்க மட்டும் புடிச்சுது. கம்பளி கொஞ்சம் தாங்கிட்டு அப்பறம் தண்ணிய விட்டுட்டுது. தோலு மேல நின்னத அளந்தேன். மூணு கரண்டி!

நான் ஊத்துனது ஒண்ணுதானே? நாலாவது பாட்டில தண்ணியே கலக்காம தோல்ல வடிச்சேன். ரெண்டு கரண்டி நின்னுது. அடுத்த தெருவுல ஒரு பர்மாக்காரி, பேருகூடத் தெரியாது, அவகிட்ட ஒண்ணு வாங்கி வடிச்சேன். சொட்டுத் தண்ணி இல்ல.

நேரா பரீதாகிட்ட போனேன். "என்னடி இது?"

அவ முழிக்கக்கூட இல்ல. "ட்ரம்மு அடில நிக்கிறது லாத்தா. மத்தவங்களுக்குக் குடுத்தா சண்டைக்கு வருவாங்க. உங்க வண்டிலதான் பில்டர் இருக்கே, வடிஞ்சுரும்னு…"

"கல்யாணப் பொண்ண வெச்சுக்கிட்டு வண்டி நடுரோட்ல நின்னுச்சே, அப்பயாச்சும் சொல்ல வேணாமா?"

"நீங்க கேக்கலியே."

வண்டி நின்ன அன்னிக்கு டீ வாங்கியாந்து, "எல்லாம் கண்ணேறு லாத்தா"ன்னு என் முதுகத் தடவுனவ இவதான்.

கையில இருந்த தோல அவகிட்ட நீட்டுனேன். "இந்தா, இனிமே நீயே வடிச்சு வித்துக்க." வேணாம்னு கைய இழுத்துக்கிட்டிருந்தான்னா போதும், எல்லாத்தயும் மறந்து அங்கயே அழுதிருப்பேன். அவ வாங்கி விரிச்சுப் பாத்தா. "இன்னும் கொஞ்சம் பெருசாக் கெடைக்குமா?"ன்னா.

வெள்ளிக்கிழம பேர் தெரியாதவ பெட்ரோல்லதான் எம் மவ போனா. வண்டி ஒரு எடத்துலயும் மக்கர் பண்ணல. பரீதா கடைகிட்ட மட்டும் அவரு வேகத்தக் கொறச்சாரு. அவ எங்க கூட வரதுக்குப் புதுப் பொடவ கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா.

"ஏத்திக்குவமா?"ன்னாரு.

"ஓட்டுங்க"ன்னேன்.